இரண்டு முறை அடித்த பதில் மணி

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் எல்லாம் மேலே கட்டம் போட்ட இடத்தில் எழுதியாகிவிட்டது. வயது நாற்பத்தொன்று. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் கண்ணாடி வில்லைகளைச் சாணை பிடித்துச் சட்டத்தில் பொருத்தும் வேலை, பதினான்கு வருடமாகச் செய்கிறேன். புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. இந்த ஸ்டேஷனுக்கு என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானாக வந்தேன்.

என் கணவர் சலவை ஆலையில் ஃபிட்டர். பன்னிரண்டு நாளுக்கு முன்னால் நீராவிக் குழாயின் இணைப்பைக் கழற்றும்போது நீராவி அடித்து, இரண்டு கையும் கழுத்தும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பாய்லர் ரூமிலிருந்து பதில் மணி வருவதற்கு முன்பே அவர் அவசரப்பட்டுக் கழற்றிவிட்டார், தப்பு அவருடையது என்று ஆலை சொல்கிறது. பாய்லர் ரூமில் இருந்தவனும் அதையே சொல்கிறான். அது பச்சைப் பொய். பதில் மணி இரண்டு முறை அடித்தது. நான் கேட்டேன். ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் தள்ளி, என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன்.

இதை எழுதுகிற அய்யா பாய்லர் ரூமில் இருந்தவனை ‘அவர்’ என்று எழுதினார். ‘அவன்’ என்றே எழுதச் சொன்னேன். அப்படி எழுதும் வழக்கம் இல்லை என்றார். நான் சொன்னது என் வாக்குமூலமா உங்கள் வழக்கமா என்று கேட்டேன். அதன் பிறகு அந்தச் சொல்லை அடித்துவிட்டு ‘அவன்’ என்று எழுதினார்.

அந்த ஆலையில் ஆஸ்பத்திரி, ஓட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கிறார்கள். தேய்க்கும் உருளைகளுக்கு நீராவி பாய்லர் ரூமிலிருந்து குழாயில் வருகிறது. குழாயில் வேலை செய்யவேண்டிய ஃபிட்டர் கீழே இருந்து மூன்று முறை மணி அடிப்பார். மேலே பாய்லர் ரூமில் இருப்பவன் எழுந்து போய் அந்தக் குழாயின் வால்வை மூடிவிட்டு வந்து இரண்டு முறை பதில் அடிக்கவேண்டும். பதில் வந்த பிறகுதான் போல்ட்டில் கை வைப்பார்கள். கீழே இருப்பவருக்கு வால்வு கண்ணில் படாது. அந்த இரண்டு மணியை நம்பித்தான் வேலை. பதில் மணியின் பொத்தான், அவன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே, எழுந்திருக்காமல் எட்டுகிற இடத்தில் இருக்கிறது. இதெல்லாம் கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் சாப்பிடும்போது சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்.

பாய்லர்காரனை எனக்கு அறிமுகம் செய்ததும் என் கணவர்தான். “நீ ஆடுற அதே ஆட்டத்ததான் எங்க பாய்லர் தம்பியும் ஆடுறான், ரெண்டு கிறுக்கும் சேர்ந்து ஆடுங்க” என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் நம்பரைக் கொடுத்தார். அதன் பிறகு எங்களோடு ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநரும், பல் டாக்டரிடம் வேலை செய்யும் ஒரு பெண்ணும் சேர்ந்தார்கள். நான்கு பேருக்கு ஒரு குழு. அதில் என்னைச் சாணை அக்கா என்பார்கள். ஓட்டுநர் ஹாரன், அந்தப் பெண் பல்லு, இவன் நீராவி. இந்தக் குழு எதற்கு என்று அய்யா கேட்டார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த வாரம் யார் என்ன ஆடுகிறோம் என்று ஆளுக்கு ஒரு வரி எழுதுவோம், மற்ற மூன்று பேரும் அதைக் கிண்டலடித்துக் கிழிப்போம். அவ்வளவுதான்.

சம்பவத்துக்கு முந்தைய ஞாயிறு எழுதியது போனில் அப்படியே இருக்கிறது, காட்டினேன். ஹாரன், “கார் பந்தயம். காலையில நெஜ பஸ்ஸ இருபதுல ஓட்டிட்டு வந்து ராத்திரி இருநூறுல ஓட்டுறேன்” என்று எழுதியிருந்தார். பல்லு, “விவசாயம். தக்காளி நட்டிருக்கேன், எவனும் பேசாதீங்க, காய்ச்சதும் சொல்றேன்” என்று எழுதியிருந்தாள். நீராவி, “மீன் புடிக்கிற ஆட்டம். டூட்டியில” என்று எழுதியிருந்தான். அதற்கு நான், “மீனுக்கே ஒன்னப் பாத்தா பாவமா இருக்கும்டா” என்று எழுதினேன். டூட்டியில் என்ற சொல்லை நாங்கள் மூன்று பேரும் படித்தோம். ஒருத்தர்கூட ஏன்டா என்று கேட்கவில்லை.

அதற்குக் கீழே நான் எழுதியதையும் அய்யா சத்தமாகப் படித்தார். “கோட்டை, புதன் பத்தரை. நாலு பேரும் வரணும். எவனாவது நடுவுல கழண்டா அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்.” கோட்டை என்பது நான்கு பேர் சேர்ந்து ஒரு கோட்டையைக் காக்கும் ஆட்டம். முப்பது படையெடுப்பு வரும். ஒருவர் விலகினால் நான்கு பேரும் தோற்றது மாதிரி. மனிதர்களோடு ஆடுவதால் நடுவில் நிறுத்திவைக்க முடியாது. நான்கு வாரமாக இருபத்தொன்பதாவதில் தோற்றுக்கொண்டிருந்தோம்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் கணவர் வாசலில் நின்று ஏதோ சொன்னார். நான் காதில் ஹெட்போன் மாட்டி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சொன்னார் என்று கேட்காமலே தலையை ஆட்டினேன். அவருக்கு மதியம் இரண்டு மணி ஷிப்ட் என்பதால் முடி வெட்டப் போகிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். இன்னொரு ஃபிட்டர் லீவு, அவருக்குப் பதிலாகக் காலையிலேயே போகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறார். இதை ஆஸ்பத்திரியில் தெரிந்துகொண்டேன்.

பத்தரைக்கு ஆரம்பித்தோம். நான்கு பேர் மைக்கும் திறந்திருக்கும், ஆளுக்கு ஆள் சுற்றியுள்ள சத்தம் எல்லோருக்கும் கேட்கும். ஹாரன் பேருந்தை நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். பல்லு கிளினிக்கில் டாக்டர் வருவதற்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தாள். நீராவி பக்கமிருந்து பாய்லர் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. அதன் பிறகு இருபத்தொன்பதாவது படையெடுப்பைத் தாண்டினோம். இதற்கு முன்னால் தாண்டியதே இல்லை. பல்லு அழுதாள் என்றே சொல்லலாம். முப்பதாவது ஆரம்பித்தபோது பத்து ஐம்பது இருக்கும்.

அப்போது அவன் பக்கத்தில் மூன்று முறை மணி அடித்தது. அவன், “அக்கா, மணி அடிக்குது. லைன மூடணும். போயிட்டு ஓடியாந்துர்றேன்” என்றான். ஹாரன் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். பல்லு, “அய்யோ இப்பவா, இப்பவா” என்றாள். அவன் எழுந்தான். நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அடுத்து வருவதை நான் சொன்ன வார்த்தையிலேயே எழுதும்படி அய்யாவைக் கேட்டுக்கொண்டேன்.

நான், “உக்காருடா. பதில் மணிய அமுக்கிட்டு உக்காரு. அவங்க போல்ட்டு கழட்டவே அஞ்சு நிமிசம் ஆகும், ரெண்டே நிமிசம் ஆடிட்டுப் போய் மூடு” என்று சொன்னேன்.

அவன், “நெஜமாவா அக்கா?” என்று கேட்டான். “எனக்குத் தெரியாதா, ஃபிட்டர் பொண்டாட்டிடா நான்” என்று சொன்னேன். அதன் பிறகு இரண்டு முறை மணி அடித்தது. அது அவன் அடித்த பதில் மணி. அதன் பிறகு நாற்காலி முன்னால் வந்த சத்தம் கேட்டது.

நான் மனதில் வைத்திருந்தது அந்த இன்னொரு ஃபிட்டரை, அவர் லீவு என்று எனக்கு அப்போது தெரியாது. அவர் ஒரு போல்ட்டுக்கு ஒரு பாட்டுப் பாடுகிற ஆள், அவ்வளவு நிதானம். என் கணவர் அப்படி இல்லை. நான்கு போல்ட்டை ஒன்றரை நிமிடத்தில் கழற்றுவார், அதில் அவருக்குப் பெருமை. அங்கே இருந்தது அந்த இன்னொருவர் என்றால் மட்டும் நீங்கள் சொன்னது சரியாகிவிடுமா என்று அய்யா கேட்டார். அந்தக் கேள்வியையும் எழுதச் சொன்னேன்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சீறுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, அதோடு ஒரு ஆள் கத்துகிற சத்தம். முப்பதாவது படையெடுப்பில் எண்ணெய் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவார்கள், வீரர்கள் அலறுவார்கள். ஆட்டத்துச் சத்தம் என்றுதான் நினைத்தேன். பத்தொன்பது வருடம் பக்கத்தில் படுத்த மனிதரின் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதன் பிறகு நீராவியின் மைக் நின்றது, ஆட்டத்தில் அவனுடைய வீரன் கோட்டை வாசலில் மரம் மாதிரி நின்றான், கோட்டை விழுந்தது.

பத்து ஐம்பத்தாறுக்கு நான் குழுவில் எழுதியதையும் காட்டினேன். “நாசமாப் போறவன், கடைசியில கவுத்துட்டான். இவனத் தூக்கிட்டு வேற ஆளச் சேப்போம்.” ஹாரன் அதற்குக் கட்டைவிரல் போட்டிருந்தார். பதினொன்று பத்துக்கு ஆலையிலிருந்து போன் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்து கேட்டபோது எனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னேன். அது பொய். அதை இப்போது திரும்பப் பெறுகிறேன். கட்டுப் போட்ட கையோடு என் கணவர், “பதில் வந்துச்சு, ரெண்டு தடவ வந்துச்சு” என்று எல்லோரிடமும் சொன்னார். யாரும் நம்பவில்லை. நம்புவதற்கு நான் ஒருத்தி இருந்தேன், கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் ஹாரனும் பல்லும் குழுவை விட்டு விலகினார்கள். போன் செய்தால் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் நான் பாய்லர்காரன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கதவைத் திறந்தாள். அவன் என்னை மாடிப்படிக்குக் கூட்டிப்போய், “அக்கா, நீங்க வாயத் தொறந்தா நானும் தொறப்பேன். உக்காருன்னு சொன்னது யாருன்னு மாமாகிட்டயே சொல்லுவேன். பேசாம இருந்தா ரெண்டு குடும்பமும் பொழைக்கும்” என்றான். நான் செருப்பைக் கழற்றி அவன் கன்னத்தில் இரண்டு அடி கொடுத்தேன். அதற்கு அவன் புகார் கொடுத்தால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடித்துவிட்டு நான் வந்து வாயைத் திறக்கவில்லை. அவன் சொன்னபடிதான் இருந்தேன். செருப்படி வாங்கியவனும் கொடுத்தவளும் ஒரே பக்கம்தான் நின்றோம். அதையும் எழுதுங்கள்.

நேற்று மதியம் ஆலை மேலாளர் ஒரு தாளோடு வார்டுக்கு வந்தார். பதில் மணிக்குக் காத்திராமல் கழற்றிவிட்டேன் என்று அதில் டைப் செய்திருந்தது. கை விரல் எல்லாம் கட்டுக்குள் இருப்பதால், கையெழுத்துக்குப் பதிலாகக் கால் பெருவிரலில் தடவ மை டப்பாவும் கொண்டுவந்திருந்தார், அவ்வளவு முன்யோசனை. யோசித்துச் சொல்கிறோம் என்று அவரை அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு என் கணவர், “ஒருவேள பதில் வரவே இல்லையோ என்னவோ. எனக்குத்தான் வந்த மாதிரி இருந்துச்சோ? எல்லாரும் சொல்றாங்களே. பேசாம ஒத்துக்கிட்டுப் போயிரலாமா?” என்று என்னைக் கேட்டார். தன் காதையே நம்பாத ஆளாக அவரை ஆக்கிவிட்டோம். இன்று காலை முதல் பேருந்தில் இங்கே வந்தேன்.

இதனால் என் மேலும் வழக்கு வரலாம், தெரியுமா என்று அய்யா கேட்டார். தெரியும். வரட்டும். மணி அடித்தவன் அவன், அடிக்கச் சொன்னவள் நான், கழற்றியவர் மேல் ஒரு துளி தப்பும் இல்லை. இதன் நகல் என் கணவருக்குப் போகுமா என்று கேட்டேன். பாதிக்கப்பட்டவர் என்பதால் போகும், நாளைக்கு ஒரு காவலர் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுவார் என்றார். மற்றதை யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், நான் சொன்ன அந்த வரியை மட்டும் நானே படிக்கிறேன் என்று கேட்டேன். அப்படிச் செய்ய விதி இல்லை என்றார்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். என் வாயிலிருந்து வந்ததுதான் இதில் இருக்கிறது, யாரும் மிரட்டவில்லை, எதையும் மறைக்கவில்லை. கையெழுத்துப் போடுகிறேன். போட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். உங்கள் காவலர் நாளைக்குத்தான் வருவார். என் கணவர் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்பி, அந்த வரியை நானே சொல்வேன்.

(கையெழுத்து)