மேஜர் அடைக்கச் சொன்ன ஓட்டை

கதவைச் சாத்துங்கள். சிரிக்கிற ஆள் வெளியே போய் உட்காரலாம்... அங்கே விளக்கு கிடையாது.

பிற்பகல் மூன்று மணி. ஆமாம், பட்டப்பகல்! பேய்க்கு ராத்திரி ஷிப்ட் மட்டும்தான் என்று யார் சொன்னது? அருங்காட்சியகத்தின் பின்பக்கச் சாலை... ஈ காக்கை இல்லை. அந்தப் பக்கம் இருந்த ஓர் அறையில்தான் என் சிநேகிதனின் சித்தப்பா பழைய பொருட்களைச் செப்பனிடுவார்.

மறுநாள் போர்க் கண்காட்சி. மேசைமேல் ஒரு சிப்பாயின் இரும்புத் தொப்பி. பின்பக்கம் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. கொடுத்தவர் ஓய்வுபெற்ற மேஜர். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய போரில், எதிரியை நேருக்கு நேர் நின்று சந்தித்துச் செத்த நண்பனைத் தோளில் சுமந்து வந்தவராம். தொப்பி அந்த நண்பனுடையது. மறுநாள் அவருக்குப் பாராட்டு.

“பின்னால ஓட்டை இருந்தா ஓடிப்போனவன்னு பேசுவாங்கப்பா. அடைச்சிடு” என்றார் மேஜர்.

எதிலும் கை வைக்கும் முன் படம் எடுத்து, குறிப்பு எழுத வேண்டும். பெரிய மனிதர் சொல்கிறாரே என்று சித்தப்பா இரண்டையும் விட்டுவிட்டார். புத்திகெட்ட மனுஷன்! மெழுகை உருக்கி அடைத்து, பச்சை பூசினார்.

கை கழுவிவிட்டு வருகிறார்... டொக். மெழுகு மேசையில் கிடக்கிறது. உள்ளிருந்து யாரோ தள்ளியது மாதிரி. மறுபடி அடைத்தார். டொக். மூன்றாம் முறை ஈர மண் வாடை... கூடவே முடி கருகும் நாற்றம்.

அப்போது மேஜர் வந்தார். “இதுகூடத் தெரியலையா? கொண்டா இங்க.” கட்டைவிரலால் மெழுகை அழுத்தினார். விரல் மாட்டிக்கொண்டது. சித்தப்பா குனிந்து தொப்பியின் உட்பக்கம் பார்த்தார். ஐயோ... அந்தப் பக்கம் விரலே இல்லை!

“விடுடா! எதிரிதான் சுட்டான்!” மேஜர் கத்தினார். எலும்பு நெரியும் சத்தம். “விடுடா... நான்தான்! நான் ஓடினதை நீ பார்த்துட்டே. அதான் பின்னாலிருந்து சுட்டேன்!”

விரல் வெளியே வந்தது. ஒரு கீறல் இல்லை.

சித்தப்பா தொப்பியை மேசைமேல் வைத்தார். “நாளைக்கு மேடையில இதைச் சொல்லுங்க சார்.”

மேஜர் விரலைத் துடைத்துக்கொண்டார். “நீ சொன்னா எவன் நம்புவான்? செத்தவனா வந்து சாட்சி சொல்லப்போறான்?”

சிரித்துக்கொண்டே வாசல் பக்கம் திரும்பினார். தொப்பிக்கு முதுகைக் காட்டி.

டப்... ஒரே சத்தம்.

போலீஸ் முதலில் சித்தப்பாவைத்தான் பிடித்தது. அறை முழுக்கத் தேடியும் துப்பாக்கி கிடைக்கவில்லை. மேஜரின் பின்மண்டையிலிருந்து டாக்டர் குண்டை எடுத்துக் காட்டியதும், சித்தப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

குண்டில்... ஐம்பது வருஷத் துரு.