பெயிலான டீச்சர் வேண்டும்

ஜூலை 14, திங்கள். வழக்கம்போல் காலை 7.40க்கு மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் ப்ளஸ் டூ படிக்கும் மகளுடன் இருந்த தாய், கண்டக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இவளுக்கு பிசிக்ஸ் டியூசனுக்கு ஆள் பாருங்க. ஒரு தடவையாச்சும் பெயிலானவங்களா இருக்கணும்."

"பெயிலானவங்களா?"

"மார்க் எடுத்தவங்க எல்லாம் 'இது ஈசி'ங்கிறாங்க. இவ சந்தேகமே கேக்க மாட்டேங்கிறா. இப்படியே போனா பரீச்சையில கோட்டை விட்டுருவா."

கண்டக்டர் சிரித்தார். "அப்ப எம் மகதான் சரி. பிசிக்ஸ்ல அம்புட்டு அரியர் வச்சுத்தான் எம்.எஸ்ஸி. முடிச்சா. நாளைக்கு இதே பஸ்ஸுல கூட்டியாரேன்."

மறுநாள் காலை கண்டக்டரின் மகள் பக்கத்தில் வந்து உட்காரும் முன்பே, மாணவி புத்தகத்தைத் திறந்தாள்.

"அக்கா, மொதப் பாடமே எனக்குப் புரியலக்கா."

"எனக்கும் அங்கதான் முட்டுச்சு. தள்ளி உக்காரு."