காணிக்குப் பொருள் கண்ட கந்தப்பு அவர்களுக்கு

கிள்ளானில் ஒரு சொல்லின் விலை, இருபதில் ஒரு பங்கு குறைய அரை ஏக்கர் என்று கண்டு சொன்னவரே, அளவுச் சங்கிலி பிடித்தவர் சறுக்கினாலும் எண் பிடித்த கை சறுக்காதவரே, பின்னக் கணக்கால் எங்களைப் பின்னியெடுத்த பெருந்தகையே, எங்கள் நில அளவை அலுவலகத்தில் கணக்கெழுதும் தலைமைக் கிராணியார் திருவாளர் கந்தப்பு அவர்களே, வணக்கம்.

யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி 1907இல் இங்கு வந்தமர்ந்த நாள் முதல், எந்தப் பங்கையும் ஒரே அடியெண்ணுக்குக் கொண்டுவராமல் தாங்கள் கூட்டியதில்லை. "முதல்ல கீழ் எண்ணை ஒண்டாக்குங்கோ, பிறகு வாயைத் திறவுங்கோ" என்பது தங்கள் திருவாக்கு. கடைத்தெருவில் பிறந்து, அரைக்கால், மாகாணி என்று வாயாலேயே பேரம் பேசி வளர்ந்த எங்களில் சிலர், பங்கு போடவும் காகிதமா என்று முதுகுக்குப் பின்னால் சிரித்ததுண்டு. அந்தச் சிரிப்பு அடங்கியது 1929இல்.

பன்னிரண்டு மாடு வைத்துப் பால் விற்ற வள்ளியம்மா அன்று பங்கு பிரிக்க வந்து எங்கள் வாசற்படியிலேயே நின்றார். கணவர் தம்புசாமி விட்டுச் சென்றது இரண்டு ஏக்கரும் ஒரு தாளும். எழுதியவர் பெயரில்லாத அந்தத் தாள் சொன்னது இவ்வளவே: அரை தம்பி இராமலிங்கத்துக்கு, கால் அக்காள் மாரியாயிக்கு, மாடு கட்டும் காணி மனைவி வள்ளியம்மாவுக்கு.

எண்ணெய் வியாபாரி இராமலிங்கம் வாய்ப்பாட்டை விரலில் வைத்திருந்தார். காணி என்றால் எண்பதில் ஒன்று. நாங்களும் அப்படியே படித்தோம். படித்ததோடு நில்லாமல், முப்பத்து மூன்று அடிச் சதுரம் ஒன்றை மையால் வரைந்தும் வைத்தோம்.

"அதுல பன்னெண்டு மாடும் நிக்கும் ஐயா. ஒண்ணு திரும்பணும்னா மத்ததெல்லாம் வெளியே போவணும்" என்றார் வள்ளியம்மா. நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. மேய நிலம் போனால் மாடு போகும், மாடு போனால் அடுப்பு அணையும்.

அப்போது தாங்கள் எழுந்தீர்கள். அலுவலகத்தார் வெளியாருக்குப் பத்திரம் எழுதித் தரலாகாது என்பது முதலாளியின் விதி. தலைமைப் பதவி தங்களுக்கு வரவிருந்ததும் அந்த ஆண்டுதான். பேசாதிருந்தால் கேட்பாரில்லை.

"உது நான் எழுதினது. எங்கட ஊரில காணி எண்டால் நிலம். தம்புசாமி நிலம் எண்டுதான் சொன்னவர். கை பழக்கத்தில காணி எண்டு எழுதிப்போட்டன்."

இராமலிங்கம் விடுவாரா? "எழுதுன கையே சாட்சி சொல்லுதா கிராணியாரே? பாசார்ல தராசுக்காரன் வார்த்தைய எவன் வாங்குவான்?"

"என்ர வார்த்தையை வாங்க வேண்டாம். கணக்கை வாங்கும். உம்மட காணியையே வைச்சுக் கீழ் எண் எண்பது. அரைக்கு நாப்பது, காலுக்கு இருபது, காணிக்கு ஒண்டு. எவ்வளவு?"

"அறுபத்தொண்ணு."

"மிச்சம் பத்தொன்பது ஆருக்கு?"

"எனக்குத்தான்னு அண்ணன் நினைச்சிருப்பாரு."

"பத்தொன்பதும் உமக்கெண்டால் உமக்கு அரை எண்டு ஏன் சொன்னவர்?"

அதுவரை வெற்றிலை மென்றுகொண்டிருந்த மாரியாயி வாயைத் துடைத்தார். "எந்தம்பி சோத்துல உப்பு குறைஞ்சாலே கணக்குக் கேப்பான். பத்தொம்பதைத் தெருவுல விட்டுட்டா செத்துப் போவான்? நீ போடுறா கையெழுத்து."

காணியை நிலம் என்று படித்தால் மிச்சம் இருபதும் வள்ளியம்மாவுக்கு, ஆக எண்பதும் நிறைந்தது. இராமலிங்கம் இரண்டு முறை தாமே கூட்டிப் பார்த்தார், வியாபாரியல்லவா. மூன்றாம் முறை கூட்டாமல் கையெழுத்திட்டார். வள்ளியம்மா படியேறி உள்ளே வந்து, முதன்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதலாளியும் தம் விதிப்படி நடந்தார். பதவி இரண்டு ஆண்டு தள்ளிப்போயிற்று. தங்கள் முகத்தில் அது ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. எங்கள் பேரேடுகளில்தான் அன்றுமுதல் கீழ் எண்கள் வரிசை பிசகாமல் நின்றன.

இன்று ஓய்வு பெறும் தங்களுக்கு விடைகொடுக்கும் இப்பந்தலில் பாயசத்துக்குப் பால் வள்ளியம்மா தந்தது, வடைக்கு எண்ணெய் இராமலிங்கம் தந்தது; இருவரும் விலை பேசவில்லை என்பதை வியப்போடு பதிவு செய்கிறோம். தாங்களும் தங்கள் துணைவியார் குணபூசணி அம்மையாரும் நோயின்றி, நொடிவின்றி, பேரப்பிள்ளைகள் பலகாரத்துக்குப் பங்கு கேட்டு வாசலில் வரிசை நிற்க, நூறாண்டு நிறைந்து வாழ்க.

இனிக் கணக்கு. தலைமைக் கிராணியாராகத் தாங்கள் அமர்ந்திருக்க வேண்டியது ஆறு ஆண்டு. அமர்ந்தது நான்கு. நாங்கள் தர வேண்டிய பாக்கி, இரண்டு.

இப்பாக்கியை ஒப்புக்கொண்டு கையொப்பமிடும்
அலுவலகத்தார் ஒன்பதின்மர்,
கிள்ளான், 1935.