கப்பலம்மா யாரு?

ஆஃப் பண்ணிட்டீங்களா? அந்த ரெக்கார்டரைத்தான் கேக்கறேன். நெசமாவா? சரி, உக்காருங்க வீணா. சேஷகிரி சார் மேடைக்கு வர இன்னும் அரை மணி நேரம் ஆவும். பக்கத்து ரூம்ல ஜிப்பாவுக்கு இஸ்திரி போட்டுக்கினு இருக்காங்க. மூணு ஜிப்பா கொண்டாந்திருக்காரு. எதைப் போட்டா சுரங்கத் தொழிலாளியோட பேரன் மாதிரி தெரியும் ஹெலன்னு என்னையே கேக்கறாரு. கசங்கினதைப் போடுங்க சார்னேன். அதுக்கு இஸ்திரி போட்டுக் கசக்கணுமாம்.

ஆமா, சார் எழுதின இந்த புக்குக்கு விளம்பர வேலை மொத்தமும் நான்தான். ஏழு மாசமா. நீங்க சுவத்துல பார்த்தீங்களே, மஞ்சத் தாள்ல கறுப்பு எழுத்து, கப்பலம்மா யாரு? அதுவும் நம்ம கைவரிசைதான். எழுத்தாளர் பேரு கெடையாது, போன் நம்பர் கெடையாது. மல்லேஸ்வரத்துலேர்ந்து பொம்மனஹள்ளி வரைக்கும் ஒட்டினோம். மூணு வாரம் ஜனங்க மண்டைய ஒடைச்சுக்கினாங்க. சினிமான்னாங்க, புது பிரியாணி ஓட்டல்னாங்க. அப்புறம்தான் புக்குன்னு சொன்னோம்.

அதுக்கு முன்னாடியா? ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க. மொத ஒரு வருஷம் ஆளு வெச்சுக்காம அவரே வித்துப் பார்த்தாரு. காலைல குட்மார்னிங்கோட அட்டைப்படம், ராத்திரி குட்நைட்டோட அட்டைப்படம். அபார்ட்மெண்ட் குரூப்புலேர்ந்து தூக்கிட்டாங்க. சாவு வீட்டுக்குப் போனாக்கூட ரெண்டு காப்பி கையில இருக்கும். அப்பிடியும் நூத்தி நாப்பது காப்பிதான் போச்சு. இன்னிக்கு அஞ்சாவது பதிப்பு, வெளிய பாருங்க, நாற்காலி பத்தல.

கதை உங்களுக்குத் தெரியும்ல? படிக்கலையா? பரவால்ல, பேட்டி எடுக்க வர்றவங்கள்ல முக்காவாசிப் பேரு படிச்சதில்ல. கோலார் தங்கவயல். சாரோட தாத்தா அங்க ஒம்பதாயிரம் அடி கீழ வேலை செஞ்சாராம். கேஜுல, அதான் ஆளுங்களைக் கீழ எறக்குற கூண்டு, அதுல கால் வெக்கறதுக்கு முன்னாடி கண்ண மூடி கப்பலம்மான்னு ஒரு வார்த்தை சொல்லுவாராம். சுரங்கத்தைக் காவல் காக்கற தெய்வமாம். இருட்டுங்கற கடல்ல எறங்கற கப்பலுக்கு அம்மாவாம். புக்கோட பேரே அதான், கப்பலம்மா. இதைச் சொல்றப்போ சாருக்குத் தொண்டை அடைக்கும். முப்பத்தோரு பேட்டியில அடைச்சிருக்கு, நான் எண்ணியிருக்கேன். மொத பேட்டியில வெறும் தெய்வம்தான். ஏழாவதுல வெள்ளிக்கிழமை பொங்கல் வந்துச்சு. பதினஞ்சாவதுல கோழி அறுத்தாங்க. இருவதுல அவரு பாட்டிக்கே அருள் வந்துடுச்சு. நான் ஒண்ணுமே சொல்லிக் குடுக்கல வீணா. சார், இன்னும் கொஞ்சம் டீடெய்லா சொன்னா ஜனங்களுக்குப் புடிக்கும்னு மட்டும் சொல்லுவேன். வீடியோ எல்லாம் பத்திரமா இருக்கு.

அவரு தாத்தாவா? நல்லாக் கேட்டீங்க. பழைய போட்டோ எதனா கெடைக்குமான்னு ஒருநாள் சார் வீட்டுக்குப் போயிருந்தேன். அவரோட அத்தை, தொண்ணூறு வயசு, ஊஞ்சல்ல உக்காந்துக்கினு கேக்குது, எங்கப்பா மல்லேஸ்வரம் போஸ்ட் ஆபீஸைத் தாண்டி எங்கயும் போனதில்லையே, கோலாருக்கு எப்போம்மா போனாருன்னு. அந்தம்மாவுக்கு நெனவு தப்பிடுச்சும்மான்னு சார் சொன்னாரு. எனக்கு என்னமோ அந்த வீட்டுலயே அதுக்குத்தான் நெனவு சரியா இருக்கற மாதிரி தெரிஞ்சுது.

அப்போ யாரோட கதைன்னுதானே கேக்கறீங்க? எங்க நைனாவோடது. எங்கப்பாதான், சாலமன். முப்பத்தோரு வருஷம் அந்தச் சுரங்கத்துல கெடந்து, மூடினப்புறம் எங்களைக் கூட்டிக்கினு இந்த ஊரு மர்பி டவுனுக்கு வந்தவரு. நெஞ்சு பூரா தூசி. நாலு வார்த்தை பேசினா ஒரு தடவை மூச்சு வாங்கும். அந்த மூச்சுல எட்டு ஞாயித்துக்கெழமை உக்காந்து இந்தாளுக்குக் கதை சொன்னாரு. பெரிய எழுத்தாளர் வர்றாருன்னு சர்ச்சுக்குப் போட்டுக்கினு போற சட்டைய மாத்தாமலே உக்காந்திருப்பாரு. ஐயா, புக்குல உங்க பேரைத்தான் மொதல்ல போடுவேன்னு எட்டு வாரமும் சொன்னான். பாருங்க, அவன்னு வந்துடுச்சு. இருக்கட்டும், ரெக்கார்டர் ஆஃப்லதானே இருக்கு.

இல்ல, என்னை அடையாளம் தெரியல அவருக்கு. எட்டு வாரம் என் கையால டீ வாங்கிக் குடிச்ச ஆளு. ஏம்மா, சக்கரை கம்மியான்னு சொல்லுவாரு, கிளாஸைப் பார்த்துதான் சொல்லுவாரு. விளம்பரம் பண்ணித் தாங்கன்னு எங்க கம்பெனிக்கு அவரு வந்தப்போ இந்த வேலைய நான் எடுத்துக்கறேன்னு எங்க மேனேஜர்கிட்ட நானே கேட்டு வாங்கினேன். பேரு ஹெலனா, கிறிஸ்டியனா, அப்போ இங்கிலீஷ் நல்லா வருமேன்னாரு சேஷகிரி சார். அவ்ளோதான் விசாரணை. மொதநாள் பயமாத்தான் இருந்துச்சு. டீயில சக்கரை கம்மியாப் போட்டுக் கொண்டாந்து வெச்சேன். கரெக்டா இருக்கேன்னு சொல்லிக் குடிச்சாரு.

புக்கு வந்தப்போவா? அதைச் சொல்லணும்னா கொஞ்சம் தண்ணி குடுங்க.

நைனாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. நெஞ்சு இருக்கற நெலைமையில ஆபரேஷன் வேணாம்னுட்டாங்க. புக்கு வந்தத பேப்பர்ல பார்த்து நானே கடையில போய் வாங்கினேன். ஒரு காப்பி குடுத்து அனுப்பக்கூட இல்ல அந்தாளு. மொதப் பக்கம் தெறந்தா, என் தாத்தாவுக்குன்னு இருக்கு. நைனா கேக்கறாரு, இன்னாம்மா, பேரு போட்டிருக்காரா? கடைசில போட்டிருப்பாங்க நைனா, இந்த மாதிரி புக்குல எல்லாம் கடைசிலதான் போடுவாங்கன்னேன். ஒம்பது நாள் படிச்சேன். தெனம் சாயங்காலம் கட்டில் பக்கத்துல உக்காந்து. அவரு சொன்ன கதை, அவரு கூட்டாளி செத்த கதை, பாறை வெடிச்சப்போ ரெண்டு நாள் உள்ள மாட்டிக்கினு பூட்ஸுல தண்ணி புடிச்சுக் குடிச்ச கதை. எல்லாத்துலயும் தாத்தா, தாத்தா. நைனா கோவிச்சுக்கவே இல்ல. நல்லா எழுதியிருக்காரும்மா, அப்பிடியே இருக்குங்கறாரு. அப்பிடியே இருக்காதா பின்ன? அப்பிடியே எடுத்திருக்கான்.

ஒம்பதாவது நாள் கடைசிப் பக்கம். பதிப்பாளருக்கு நன்றி, சம்சாரத்துக்கு நன்றி, வீட்டு நாய்க்கு நன்றி வீணா, அது பேரைக்கூடப் போட்டு நன்றி. எங்க நைனா பேரு இல்ல. அவரு காதை இந்தப் பக்கம் திருப்பிக்கினு உக்காந்திருக்காரு. நான் படிச்சேன். தன் வாழ்க்கையை எனக்குக் குடுத்த மர்பி டவுன் சாலமன் ஐயாவுக்கு நன்றி. அப்பிடி ஒரு வரி அதுல கெடையாது. இன்னொரு வாட்டி படின்னாரு. படிச்சேன். வர்றவங்க கிட்ட எல்லாம் புக்கைக் காட்டி, கடைசிப் பக்கத்துல என் பேரு இருக்குதுன்னு சொல்லிக்கினே இருந்தாரு. வந்தவங்க தெறந்து பார்த்துட்டு என் மொகத்தப் பார்ப்பாங்க. நான் கண்ணைக் காட்டுவேன். ஆமா சாலமன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. மூணாம் மாசம் போய்ச் சேர்ந்துட்டாரு.

என் வயிறு எரிஞ்சது அவரு செத்ததுக்கில்ல. என்னைய எங்க நைனாகிட்டயே பொய் சொல்ல வெச்சுட்டானே, அதுக்கு. அந்தப் பொய்யை நெசமாக்கணும். மர்பி டவுன் சாலமன்னு அவன் வாயாலயே, மைக்ல, இத்தினி பேரு முன்னாடி வரணும். நூத்தி நாப்பது காப்பி வித்த ஆளு சொன்னா எவன் கேப்பான்? அதான் ஏழு மாசம் ஒழைச்சு இவனைப் பெரிய மனுஷனா ஆக்கியிருக்கேன்.

ஒண்ணு சொன்னா சிரிப்பீங்க. புக்கு வாங்கறவங்களுக்குத் தங்கவயல் மண்ணு ஒரு சின்ன பாட்டில்ல போட்டுத் தரலாம்னாரு. ஐடியா சூப்பர் சார்னேன். ஓசூர் ரோட்டுல பில்டிங் கட்டத் தோண்டிப் போட்ட மண்ணை அள்ளி ரெண்டாயிரம் பாட்டில் நெரப்பிக் குடுத்தேன். மோந்து பார்த்துட்டு, தாத்தா வாசனைன்னாரு. எங்க ஊரு மண்ணை இவனுக்கு நான் குடுப்பேனா?

ஆதாரமா? இருக்கு. அதையும் அவரே குடுத்தாரு. ரீல்ஸுல போட சுரங்கச் சத்தம் எதனா இருக்கா சார்னு கேட்டேன். எதைக் குடுக்கறோம்னு பார்க்காம மொத்த ஃபோல்டரையும் அனுப்பிட்டாரு. உள்ள எட்டு ஃபைலு. சாலமன் ஒண்ணு, சாலமன் ரெண்டு, எட்டு வரைக்கும். ஆபீஸ்ல எல்லாரும் இருக்கறப்போ ஹெட்போன்ல நைனா இருமற சத்தம். பாத்ரூமுல போய் உக்காந்துக்கினேன்.

மேடையில செகப்புத் துணி போட்டு மூடி வெச்சிருக்கே, பார்த்தீங்களா? கப்பலம்மா சிலை. படகுல நிக்கற மாதிரி, கையில வெளக்கோட. இன்னிக்கு சாரே துணிய இழுத்துத் தெறந்து வெக்கப் போறாரு. ஐடியா நம்மதுதான். ஆனா சிலை இப்போ மாடிப்படிக்குக் கீழ இருக்கு. துணிக்குள்ள இருக்கறது ஒரு போட்டோ. துணி விழுந்த ஒடனே சவுண்டு பாக்கற நாகேஷ் ஆறாவது ஃபைலைப் போட்டு விடுவான். மொத ரெண்டு வரிசையில பெருசுங்க உக்காந்திருக்காங்களே, காலைல ரயில் ஏறி தங்கவயல்லேர்ந்து வந்தவங்க. எத்திராஜ் மாமா, டென்சில் அங்கிள், முனிகிருஷ்ணன் அண்ணன். எல்லாம் நைனாவோட ஒரே ஷிஃப்ட்டு. உங்க தாத்தாவுக்கு எந்த சாஃப்ட்டுல வேலைன்னு எத்திராஜ் மாமா ஒரே ஒரு கேள்வி கேக்கும். சாஃப்ட்டுன்னா கேஜு எறங்குற குழி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு உண்டு. கேட்டுட்டு உக்காந்துக்கும், வேற ஒண்ணும் பண்ணாது.

வேலை போவுமா? கண்டிப்பாப் போவும். போவட்டும்.

அந்தத் தெய்வத்தை அவங்க கும்பிட்டிருப்பாங்களேன்னா? அதான் வீணா கூத்தே. கேட்டுப் பாருங்களேன், அந்த ரெண்டு வரிசையில ஒருத்தருக்கும் தெரியாது. ஊருலயே அப்பிடி ஒரு சாமி கெடையாது. எங்க நைனா ஞாயித்துக்கெழமை தவறாம சர்ச்சுக்குப் போற மனுஷன், அவரு எங்க போய்க் கோழி அறுக்கப் போறாரு? ஷிஃப்ட்டு முடியற நேரத்துக்கு எங்கம்மா கொழந்தையத் தூக்கிக்கினு சாஃப்ட்டு கேட்டாண்ட நிக்கும். ஆளுங்க வெளிய வர்றப்போ தலையில வெளக்கு மினுக்மினுக்குன்னு எரியும். அதுக்கு கேப் லாம்ப்புன்னு பேரு. ரெண்டு வயசுக் கொழந்தைக்கு அது வாயில வரல. நைனா தலையக் காட்டி, கப்பலம்மா, கப்பலம்மான்னு குதிக்கும். நாள்பட அந்தக் கொழந்தைக்கே அது பேராப் போச்சு. எங்க வீட்டுக்குள்ள மட்டும் பொழங்கற வார்த்தை அது. வெளியாளு முன்னாடி கூப்பிட மாட்டாரு, வெக்கப்படுவாரு.

ஆறாவது ஃபைல்ல இருக்கு. கேஜுல கால் வெக்கறப்போ கப்பலம்மாவ நெனச்சுக்குவேன் சார், அப்போ பயம் போயிடும்ங்கறாரு. அது சாமியா ஐயான்னு இவன் கேக்கறான். உள்ள டீ கிளாஸ் கழுவற சத்தம் கேக்குது. நைனா சிரிச்சிக்கினே, ஆமா சார், எனக்கு சாமிதான்ங்கறாரு. இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா எந்திரிச்சு வந்து என்னைக் காட்டியிருப்பாரு. கேக்கல. ஃபைலு அங்கயே முடிஞ்சு போச்சு.

அதோ கூப்புடறாங்க. இப்போ ஆன் பண்ணிக்கோங்க, இனிமே எதையும் மறைக்க வேணாம். போட்டோவுக்குக் கீழ போடறதுக்குப் பேருங்களா? ஹெல்மெட் போட்டுக்கினு நிக்கறது சாலமன். எழுத்துப் பிழை இல்லாம போடுங்க. அவரு இடுப்புல இருக்கற கொழந்தையா?

ஆபீஸ்ல ஹெலன். வீட்டுல கப்பலம்மா.