பக்கத்துப் படகின் புகை

டீ நன்றாக இருக்கிறது, மேடம். பால்தான் கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை. படகில் காலம் தள்ளுகிறவனுக்கு ஆடாத மேசையில் கோப்பையை வைத்துக் குடிப்பதே ஒரு சுகம்.

நானும் என் மனைவி மியூரியலும் பத்தொன்பது வருஷமாகக் கால்வாயில்தான் குடித்தனம். ஏழடி அகலம், ஐம்பதடி நீளம், அவ்வளவுதான் எங்கள் வீடு. அதற்குள் இருந்துகொண்டு யாரோடும் வம்புக்குப் போனதில்லை. நீங்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ரோலண்ட் ஒழுங்கான ஆள் என்று.

ஜனவரியில் மதகுகளைப் பழுதுபார்க்கக் கால்வாயை மூடிவிட்டார்கள். போகவர முடியாமல் படகெல்லாம் ஒரே இடத்தில் வந்து அடைந்தன. கரையில் இடமில்லாதபோது ஒருவன் வந்து, உங்கள் படகோடு ஒட்டிக் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டால் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. அது எங்கள் வழக்கம். டெரி நாக்ஸ் கேட்டான், சரி என்றேன். கட்டி முடித்த பிறகு பார்த்தால் அவன் ஹீட்டரின் புகைக்குழாய் நேராக எங்கள் படுக்கையறை ஜன்னலைப் பார்த்து நிற்கிறது. டீசல் புகை, மேடம். நாக்கில் ஒட்டும்.

நயமாகத்தான் சொன்னேன். "தம்பி, படகைத் திருப்பிக் கட்டு. உன் புகையெல்லாம் எங்க மூஞ்சிலதான் அடிக்குது."

அவன் சிரித்தான். "என்ன பெரியவரே, இந்தக் குளிர்ல படகைத் திருப்பச் சொல்றீங்க? வேணும்னா உங்க மூக்கைத் திருப்பி வச்சுக்கோங்க."

மறுநாள் அவன் கரைக்குப் போக எங்கள் முன்தளத்தைத் தாண்டினான். வழுக்காமல் இருக்க எங்கள் கதவு நிலையைப் பிடித்தான். நான் கதவைச் சாத்தினேன். இரண்டு விரல் முறிந்தது. மன்னிப்புக் கேட்டேன், ஒரு பொட்டலம் பிஸ்கட்கூடக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வேணும்னே செஞ்சியா?" என்று மியூரியல் என்னைக் கேட்டாள். ஊரில் உள்ள எல்லார்மேலும் இரக்கப்படுவாள் அவள்.

அதற்கப்புறம்தான் அவளுக்குத் தலைவலி ஆரம்பித்தது. பிறகு வாந்தி. விஷவாயு வந்தால் அலறும் பெட்டி ஒன்று கட்டிலுக்கு மேலே சுவரில் இருந்தது. அது அலறும்போதெல்லாம் நான் வெளியே போய் டெரியின் கூரையில் இரும்பால் தட்டுவேன். நாலாவது தடவை அதன் பேட்டரியைக் கழற்றி வைத்தேன். அவள் தூங்க வேண்டாமா?

"ரோலண்ட், தல பொளக்குதுப்பா. கதவக் கொஞ்சம் தொறந்து வையேன்."

"தொறந்தா அவன் புகைதான் உள்ள வரும். பேசாம படு."

செவ்வாய்க்கிழமை காலை அவளுக்கு மாத்திரை வாங்கப் போனேன். குளிருது என்றாள், எங்கள் ஹீட்டரை நன்றாகக் கூட்டி வைத்துவிட்டுத்தான் போனேன். பதினொரு மணிக்குத் திரும்பி வந்தேன். கன்னமெல்லாம் சிவந்து, பார்க்க அத்தனை ஆரோக்கியமாகப் படுத்திருந்தாள். இரண்டு முறை கூப்பிட்டேன். தொட்டுப் பார்த்த பிறகு கூப்பிடவில்லை.

மதகு திருகும் இரும்புக் கைப்பிடியை எடுத்துக்கொண்டு போனேன். டெரி அவன் பின்தளத்தில் குனிந்து, கட்டுப்போட்ட கையால் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். முதல் அடி தாடையில் விழுந்தது. பல் தெறித்து என் சட்டையில் பட்டது.

"எங்கிட்ட டீசலே இல்லங்க," என்றான், ரத்தத்தைத் துப்பிக்கொண்டே. "ஹீட்டர் போட்டே நாலு நாளாச்சு. கம்பளியச் சுத்திக்கிட்டுக் கெடக்கேங்க."

சாகப்போகிற நேரத்திலும் பொய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கை வலிக்கும்வரை அடித்தேன். அவன் இரண்டு படகுக்கும் நடுவே சரிந்து, தோள்வரை தண்ணீரில் தொங்கினான். நான் என் படகில் ஏறி, கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவன் படகை ஒரு காலால் கொக்கி போட்டதுபோல் என் பக்கம் இழுத்தேன். மெதுவாகத்தான் நகர்ந்து வந்தது. பதினைந்து டன் இரும்பு அவசரப்படாது. எலும்பு நொறுங்குகிற சத்தம் எங்கள் சமையலறைவரை கேட்டிருக்கும்.

பிறகு அவன் படகுக்குள் போய் ஹீட்டரை அணைக்கப் பார்த்தேன். பனிக்கட்டி மாதிரி சில்லிட்டுக் கிடந்தது. நான் வருவதைப் பார்த்ததும் அணைத்திருப்பான், கள்ளன்.

உங்கள் நிபுணர் என்னவோ சொல்கிறாராம். கட்டிலுக்கு அடியில் போகும் எங்கள் ஹீட்டரின் புகைக்குழாயில், நான் பூட்டிய இணைப்பில், வெடிப்பு இருந்ததாம். விஷம் அதிலிருந்துதான் கசிந்ததாம். இருக்கட்டும். ஆனால் அறையின் காற்றுத் துவாரங்கள் எப்படி அடைபட்டன என்று கேட்டாராமே, அதற்கு மட்டும் பதில் எழுதிக்கொள்ளுங்கள். டெரி வந்த மறுநாளே அத்தனை துவாரத்தையும் கிரீஸ் தோய்த்த துணி வைத்து நானே அடைத்தேன். ஜன்னலைச் சுற்றி டேப் ஒட்டினேன். மனைவியைக் கவனிக்காத மனுஷன் என்று என்னைப் பற்றி எழுதிவிடாதீர்கள், மேடம். நான் செய்த வேலை அது. அவன் புகையில் ஒரு பொட்டுகூட அந்த அறைக்குள் நுழைந்திருக்க முடியாது.