கறையான் தொடாத ஊஞ்சல்

தலைமையேற்று, இவள் பேச்சு எந்த ரயிலைத் தாமதமாக்குமோ என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் ஸ்டேஷன் மாஸ்டர் அவர்களே! வெயிலில் தண்டவாளம் காத்துத் தலை வெளுத்த பெரியோர்களே! ஓடி ஓய்ந்து வந்தும், உட்கார இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் தாய்மார்களே! மூன்றாம் வரிசையில், முன்னால் இருப்பவர் முதுகுக்குப் பின்னே மறையப் பார்க்கும் என் கணவர் அவர்களே! இந்த ரயில்வே குடியிருப்பின் நர்ஸ் உங்களை வணங்குகிறேன்.

தண்டவாளத்துக்கு அடியிலிருந்து கழித்துப்போட்ட ஸ்லீப்பர் கட்டை இல்லாத வீடு இங்கே உண்டா? வாசற்படி எது? துணி துவைக்கும் பலகை எது? வெந்நீர் அடுப்பில் விறகு எது? ரயிலையே தாங்கிய கட்டை நம்மைத் தாங்காதா என்று மார்தட்டினோம். அதில் ஊறியிருப்பது கிரியோசோட் என்னும் தார் எண்ணெய். "அதனாலதானே உளுத்துப் போகாம இருக்கு" என்கிறார் பின்வரிசை அண்ணன். பொறுங்கள் அண்ணா, அங்கேதான் வருகிறேன்.

அந்த எண்ணெய்க்குள் ஒரு கூட்டமே குடியிருக்கிறது. பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள்! பெயரே கூட்ஸ் வண்டி நீளம். கடைசிப் பெட்டி கடக்கும்வரை கேட்டிலேயே நிற்க வேண்டியதுதான். அந்தக் கூட்டத்தில் பொல்லாதது பென்சோபைரீன். தொட்டால் தோலில் ஒட்டும். எரித்தால் புகையில் ஏறும். மண்ணில் விழுந்தால் லேசில் மட்காது. புற்றுநோய்க்குக் கதவைத் திறந்துவிடும் பொருள் அது.

என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மகள் பிறந்த மகிழ்ச்சியில் என் கணவர் ஸ்லீப்பரை அறுத்தார், இழைத்தார், முற்றத்தில் ஊஞ்சல் நட்டார். அவர் உள்ளங்கை எரிந்து சிவந்தது. நான்தான் மருந்து போட்டேன். வந்தவர் போனவரிடமெல்லாம் அவருக்கு ஒரே பெருமை, கறையான்கூட இதைத் தொடாது என்று. வெயில் ஏறினால் அந்தப் பலகைக்கு வியர்க்கும், கறுப்பாக. பாப்பாவின் கவுனிலும் கையிலும் அதே கருமை. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்.

பாப்பாவுக்குப் பல் முளைத்தது. ஒரு மதியம் பலகையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள், உதடெல்லாம் தார். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் வாயைத் துடைத்துக்கொண்டே அவரைக் கூப்பிட்டேன்.

"கறையானே வேண்டாம்னு விட்டதுல நம்ம பாப்பா வாய் வைக்கிறா, பாருங்க."

அவர் அன்றே ஊஞ்சலைப் பெயர்த்தார். எரிக்கவில்லை, எறியவில்லை, தள்ளுவண்டியில் ஏற்றி ரயில்வே கிடங்கில் ஒப்படைத்தார். திரும்பியபோது கண் சிவந்திருந்தது. வெங்காயம் உரித்தாராம். என் அன்பர்களே, அன்று எங்கள் வீட்டில் வெங்காயமே இல்லை!

அவர் பாசம் பொய்யா? இல்லை. உங்கள் பாசம் பொய்யா? இல்லவே இல்லை. ஆனால் பாசத்தோடு செய்தோம் என்பதற்காக நஞ்சு நம்மைப் பார்த்து இரக்கப்படுமா? ஆகவே கேட்கிறேன், கட்டைகளைக் கொடுங்கள். அடுப்பில் மட்டும் வைக்காதீர்கள். முறைப்படி அப்புறப்படுத்த ஸ்டேஷன் மாஸ்டர் ஏற்பாடு செய்துவிட்டார். நாளைக் காலையில் கிடங்கு வண்டி வாசலுக்கே வரும்.

போன வாரம் என் கணவர் அவசரமாகக் கூப்பிட்டார். சாதாரண மரத்தில் செய்த புது ஊஞ்சலின் காலடியில் குந்தியிருந்தார். மரத்தில் மெல்லிய மண்கோடு ஏறியிருந்தது. மனம் உடைந்திருப்பார் என்று பயந்தேன். நிமிர்ந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"கறையான் ஏறிடுச்சு. இனிமே பாப்பா தாராளமா ஏறலாம்."

அந்த மனிதரை எனக்குக் கொடுத்த இந்தக் குடியிருப்புக்கு நன்றி. நின்றும் இருந்தும் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.