அறுபத்து நாலு பாட்டில்

இல்லம்மா, கண்ண மூடாதீங்க. இந்த ஏத்தத்துல தூங்குனா, எந்திரிக்கும்போது தல ரெண்டா பொளந்த மாதிரி இருக்கும். அந்த கோக்கா எலைய மெல்ல வேணாம், சும்மா கன்னத்துல ஒதுக்கி வச்சுக்கங்க. கசக்கத்தான் செய்யும். எங்களுக்கே கசக்கும்.

இன்னும் ரெண்டு மணி நேரம். அதுவரைக்கும் இதேதான். மண்ணு, கல்லு, மறுபடி மண்ணு. மழையா? எங்க ஊரு செர்ரோ பார்தோவுல எம்பொண்ணு பொறந்த வருசம் ஒருக்கா தூறுச்சு. சுரங்கத்துல சங்கு ஊதி எல்லாரையும் வெளிய விட்டாங்க, பாத்துட்டு வாங்கன்னு. அவளுக்கு இப்ப இருபத்தெட்டு. கீழ துறைமுகத்துல இருக்கா.

ஆராய்ச்சிக்காரங்களா? நெறைய பேர ஏத்தி எறக்கியிருக்கேன். எனக்கு மூச்சு வாங்குதுன்னு சுரங்கத்துலேர்ந்து அனுப்புனாங்க, அப்புறம் இந்த வண்டி ஓட்டுறதுதானே. நட்சத்திரம் பாக்க ஒருத்தர் வந்தாரு. உப்புத்தரையில நாரை எண்ண ஒரு பொண்ணு. இன்னொருத்தர் எங்க கனவயெல்லாம் கேட்டு எழுதிட்டுப் போனாரு. டீயும் பிஸ்கட்டும் குடுத்தாரேன்னு பாதிப் பேரு பொய்க் கனவா சொன்னாங்க.

நீங்க தண்ணிக்கு. தெரியும், விடுதிக்காரம்மா சொன்னா.

புரொஃபசர் லிசாந்த்ரோவா? தெரியாம என்ன. பன்னெண்டு வருசமாச்சு. நல்ல மனுசன். அந்த வருசம் ஊரே ரோட்டுல உக்காந்துச்சு, வேற ஊத்துலேர்ந்து எங்களுக்குக் குழாய் போட்டுக் குடுங்கன்னு. பதினோரு நாள் ஒரு லாரி போகல. அதுக்கப்புறந்தான் தண்ணிய சோதிக்க அவர அனுப்புனாங்க. பாவம், ஏறி வந்தவருக்கு மலை ஒத்துக்கல. மூணு நாள் விடுதியில படுத்த படுக்கை, பக்கத்துல ஒரு வாளி.

ம். நீங்க படிச்சிருப்பீங்க. தண்ணி சுத்தம்னுதான் அவரு பேப்பர் வந்துச்சு. ஊராட்சி சுவத்துல ஒட்டுனாங்க. ரோட்டுல உக்காந்தவங்க எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டாங்க. குழாயும் வரல.

அதான் உங்களுக்கு இடிக்குதா? எங்க நகத்துல, முடியில ஆர்சனிக் விஷம் இருக்கு, தண்ணியில இல்லேன்னா எங்கேர்ந்து வருதுன்னு. காத்துலயா இருக்கும்னு நெனைக்கிறீங்க. அதுக்கு மூணு மாசம் தங்கணுமா.

என் வீட்டுக்காரி நெலிதா. உள்ளங்கையில புள்ளி புள்ளியா காச்சிப்போச்சு. வேல செய்ற கைதானேன்னு விட்டோம். அப்புறம் ஒண்ணுக்குல ரத்தம் வந்துச்சு. பக்கத்து வீட்டுல கேன் தண்ணி வாங்குவாங்க, இவ சிரிப்பா. அவ்ளோ படிச்ச மனுசன் நல்ல தண்ணின்னு எழுதியிருக்காரு, உனக்கு மட்டும் என்னடி கேனுன்னு கேப்பா. நான் பக்கத்துலயே உக்காந்து சாப்டுக்கிட்டிருப்பேன்.

அவ போயி நாலு வருசம் ஆச்சு.

வேணாம்மா. எனக்குப் போயி ஆறுதல் சொல்லாதீங்க.

நீங்க காத்தத் தேடி அலைய வேணாம். புரொஃபசர் படுத்துட்டாருல்ல, அப்ப பாட்டில்ல தண்ணி பிடிச்சது யாருன்னு பேப்பர்ல போட்டிருக்கா? உள்ளூர் உதவியாள்னா? ம். பேரு போடல.

நாந்தாம்மா அது.

அறுபத்து நாலு பாட்டில், அறுபத்து நாலு வீடு. ஒவ்வொண்ணுலயும் வீட்டு நம்பர் ஒட்டிக் குடுத்தாரு. நான் ஷிப்டு முடிச்சு நேரா வந்திருந்தேன். மேட்டுத்தெரு பூரா ஏறணும், காத்து மூஞ்சில மண்ணள்ளிப் போடுது. மூணு வீட்டுக் கதவத் தட்டுனேன், ஒருத்தரும் தொறக்கல. திரும்பி வர்ற வழியில ஆபீசருங்க கேண்டீன். அங்க ஒரு குழாய். வடிகட்டி போட்ட குழாய்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லலாம். தெரியும். தண்ணின்னா தண்ணிதானேன்னு உக்காந்து அத்தனையும் நெரப்பிட்டேன். முக்கா மணி நேரந்தான் ஆச்சு.

எல்லா வீட்டுக்கும் கணக்கு ஒண்ணு போலவே இருந்திருக்கும், பாருங்க. ஒரே மலைத்தண்ணின்னு அவரு நெனச்சிருப்பாரு. படுத்துக் கெடந்த மனுசன், என்னய நம்புனாரு.

எழுதிக்கங்க. பேரு போட்டே எழுதுங்க, ஃபெர்மின் ஆயவிரேன்னு. இந்தத் தடவ நீங்களே வீடு வீடா போயி பிடிங்க. நான் கூட வந்து கதவத் தட்டுறேன். கேண்டீன் பக்கம் மட்டும் போக வேணாம்.

இல்ல, யாருகிட்டயும் சொன்னதில்ல. ஊருல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது?

நெலிதாகிட்டயா? கடைசி வாரம் ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்குக் கொண்டாந்துட்டோம். ஒரு நாள் மத்தியானம் சொல்லிரணும்னு கட்டிலுக்குப் பக்கத்துல போயி உக்காந்தேன். கையப் பிடிச்சேன். என்னன்னு கேட்டா. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள, கொஞ்சம் தண்ணி குடுன்னா. எந்திரிச்சுப் போயி, குழாயத் தொறந்து பிடிச்சுக் குடுத்தேன்.